செஞ்சிக் கோட்டையின் சிறு குடிமக்கள்

செஞ்சி என்றதும் நம் நினைவில் எழுவன எவை? 1677ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் கைப்பற்றிய மராட்டிய மன்னர் சிவாஜி. முகலாயரின் நெடிய முற்றுகையைத் தாங்கி நின்ற அவர் மைந்தர் இராஜாராம். 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது களத்திலே மாண்ட இளைஞன் தேசிங்குராஜன். 1750இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர். 1761இல் அவர்களிடமிருந்து அதைப் பறித்த ஆங்கிலேயர். செஞ்சியின் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் இவர்களுடைய வரலாறே.

இவர்கள் அனைவரும் வந்தார்கள், ஆண்டார்கள், மறைந்தார்கள். ஆயினும் எந்த மன்னனுக்கும் திறை செலுத்தாமல், எந்த முற்றுகைக்கும் அஞ்சாமல், வழிவழியாக அம்மதிலடியிலேயே குடியிருந்து வருவோரும் உளர். எருக்கு, தும்பை, ஆவாரை, நெருஞ்சி என்னும் செடிகளும், அவற்றை நாடி வரும் தேனீ, தட்டான், வண்டு, பட்டாம்பூச்சி என்னும் சிற்றுயிர்களுமே அக்குடிமக்கள். வரலாற்று ஏடுகளில் இவர்களுக்கு இடமில்லை. ஆனால் ஒரு காமிராவைத் துணையாகக் கொண்டு, பருவந்தோறும் இவர்களைப் பின்தொடர்ந்து சென்றால், இவர்களுக்கும் ஒரு வரலாறு எழுதிவிடலாம். அதனால் நமக்கும் நம் ஊருக்கும் விளையும் பயன் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஊரருகே ஒரு காடு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை, செஞ்சி நகரைக் கடந்ததும் கோட்டையின் ஊடே செல்கிறது. ஒருபுறம் கிருஷ்ணகிரி, மறுபுறம் இராஜகிரி, சற்றே தள்ளிச் சந்திரகிரி. இம்மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மூன்றிலும் உயர்ந்ததாகிய இராஜகிரி சுமார் 800 அடி உயரமுடையது. பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் இவை. பாறை இடுக்குகளில் மழைநீர் தேங்குகிறது, மண் சேருகிறது, காற்றும் பறவையும் கொண்டுவந்த விதை அங்கே விழுகிறது. கல்லென்று நாம் எண்ணும் இடம் உண்மையில் ஆயிரம் சிறு தோட்டங்களின் தொகுப்பு.

இயற்கையைக் காண வேண்டுமானால் முதுமலைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல வேண்டும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். இது பாதி உண்மையே. யானையைக் காண முதுமலைக்குச் செல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு புழு கூட்டுப்புழுவாகி, பின்னர்ச் சிறகு விரித்துப் பறக்கும் அற்புதத்தைக் காண்பதற்குப் பேருந்துச் சீட்டுத் தேவையில்லை. வீட்டுக் கொல்லையும், கடைவீதியின் பின்னே கிடக்கும் காலி மனையும், குளக்கரையும், கோட்டை அகழியின் ஓரமும் போதும்.

தமிழ்நாட்டில் இயற்கைப் படக்கலைக்கு வழிகாட்டிய மா. கிருஷ்ணன் அவர்களை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராக 1912இல் பிறந்த இவர், 1950ஆம் ஆண்டிலிருந்து 1996இல் தாம் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். 1970இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. காட்டு யானைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற இவரே, மனிதர் வாழும் வீட்டைச் சுற்றி வாழும் எளிய உயிர்களைப் பற்றியும் அதே மதிப்போடு எழுதினார். பொருள் சிறிதாயினும் பார்வை சிறிதாகலாகாது என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

காமிராவும் பொறுமையும்

பிலிம் சுருளில் படமெடுத்த காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்களே கிடைத்தன. ஒவ்வொரு படத்துக்கும் காசு செலவாயிற்று. கழுவி அச்சிட்டுக் கையில் வாங்கும்வரை படம் தேறியதா இல்லையா என்பதும் தெரியாது. இன்று அந்நிலை மாறிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் காமிரா பொருத்திய கைப்பேசி ஒன்றேனும் இருக்கிறது. ஆகவே இக்கலை செல்வருக்கே உரியது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

எனினும், சிற்றுயிரைப் படமெடுப்பதில் சில நுட்பங்கள் உண்டு. பொருள் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் பிலிமிலோ ஒளியுணர் தகட்டிலோ பதியச் செய்யும் லென்ஸை அண்மைப்பட லென்ஸ் எனலாம். வழக்கமான பிலிம் சட்டத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். ஆகவே, சிறகு விரித்த ஒரு சிறு பட்டாம்பூச்சி அதனை முழுமையாக நிரப்பிவிடும். ஆனால் பொருளுக்கு எவ்வளவு அருகில் செல்கிறோமோ, அவ்வளவுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே வரும். மிக அருகில் சென்றால் அது சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பூச்சியின் கண் தெளிவாக இருந்தால் வால் மங்கும். வாலைத் தெளிவாக்கினால் கண் மங்கும். இந்நிலையில் கண்ணையே தெளிவாக்க வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. பூச்சியின் உடல் முழுவதும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் காமிராவைச் சிறகின் தளத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். பூச்சிகள் வெயிலின் வெப்பத்தால் உடலைச் சூடேற்றிக்கொண்டு இயங்குபவை. விடியற்காலையில் அவை குளிர்ந்து, இலையடியில் அசையாமல் அமர்ந்திருக்கும். பாறை சூடேறிய பிறகோ நம் நிழல் பட்டவுடனே பறந்துவிடும். நண்பகல் வெயிலில் வெண்ணிறத் தும்பைப்பூ வெளிறிப்போகும். மேகம் கவிந்த வானத்தின் மெல்லொளியில்தான் அதன் இதழ் வடிவம் படத்தில் விளங்கும்.

இவையெல்லாம் பழகப் பழக வந்துவிடும். பழகியும் எளிதில் வராதது ஒன்று உண்டு, அதுவே பொறுமை. பூவைப் பறித்து வசதியான இடத்தில் வைத்துப் படமெடுப்பதும், பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் இட்டு மரத்துப்போகச் செய்து படமெடுப்பதும் சிலரிடம் காணப்படும் குறுக்கு வழிகள். படம் அழகாக வரலாம். ஆயினும் அது பொய் சாட்சி. அப்பூச்சி அந்தப் பூவில் அமர்ந்ததே இல்லை. அந்த வேளையில் அவ்வாறு இருந்ததும் இல்லை. உயிருக்குத் தீங்கு செய்து எடுத்த படத்தில் நாம் கற்றுக்கொள்ள ஏதுமில்லை.

கார்காலமும் கூதிரும்

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். செஞ்சியைப் போன்ற வறண்ட வட்டாரத்தில் சிற்றுயிர்களின் ஆண்டு தொடங்குவது இக்காலத்தில்தான் என்று கூறினால் மிகையாகாது.

முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில், ஈரமண்ணில் குருதித்துளி சிந்தினாற்போலச் சின்னஞ்சிறு செந்நிற உயிர்கள் ஊர்வதைக் காணலாம். தம்பலப்பூச்சி, மூதாய், இந்திரகோபம் எனப் பல பெயர் பெற்றது இது. வெல்வெட்டுத் துணி போன்ற மேனியுடையது. பூச்சி என்று வழங்கினாலும் இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. படமெடுத்துக் கால்களை எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கும். ஆறு கால்களுடையதே பூச்சி. எட்டுக் கால்களுடையது சிலந்தியின் உறவு. குழந்தை ஒன்று தானே எண்ணிக் கண்டுபிடிக்கும் இவ்வுண்மை, பாடப்புத்தகத்தில் படித்ததைக் காட்டிலும் நன்றாக மனத்தில் பதியும்.

மழையைத் தொடர்ந்து பொன்வண்டும் தோன்றும். ஒரு காலத்தில் நம் சிறுவர்கள் இதனைத் தீப்பெட்டிக்குள் அடைத்து, தழையும் இட்டு வளர்த்தனர். பெட்டியிலே அடைக்காமல் படத்திலே அடைத்துக்கொள்ள இன்று வாய்ப்புண்டு. ஒளிபடும் கோணம் மாறினால் அதன் முதுகின் நிறமும் மாறிக் காட்சியளிப்பதைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அறியலாம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்குகையில் மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகத் தாழப் பறக்கும். இவற்றுள் ஓர் இனம், பருவக்காற்றின் துணையோடு இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மாலத்தீவில் தங்கி ஆராய்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் அறிஞர் 2009ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார். அக்டோபர் மாதந்தோறும் நன்னீர் நிலைகள் அரிதான அத்தீவுகளுக்குத் தட்டான்கள் பெருந்திரளாக வந்து சேர்வதைப் பல ஆண்டுகள் தேதியிட்டுக் குறித்துவந்ததே அவருடைய முடிவுக்கு அடிப்படை. நாம் வேலியோரத்தில் காணும் தட்டான் கடல் கடக்கும் பயணியாகவும் இருக்கக்கூடும்!

கூதிர்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் செங்காந்தள் பூக்கும். கார்த்திகைப்பூ என்றும், கிழங்கைக் கொண்டு கண்வலிக்கிழங்கு என்றும் இதனை வழங்குவர். இது தமிழ்நாட்டின் மாநில மலர். முதலில் பசுமஞ்சளாக விரிந்து, நாளுக்கு நாள் சிவந்து, முடிவில் முழுச்செம்மை எய்தும். ஒரே மலரை நாள்தோறும் அதே இடத்தில் நின்று படமெடுத்தால் இந்நிற மாற்றத்தை ஒரு தாளில் அடக்கிக் காட்டலாம். அழகியதாயினும் செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகள் தொட்டு வாயில் வைக்காதபடி பெரியவர் உடனிருக்க வேண்டும்.

பனியும் வேனிலும்

மார்கழி, தை ஆகிய முன்பனிக் காலத்தில் அண்மைப் படக்கலைஞனுக்கு இயற்கையே உதவி செய்கிறது. புல்நுனியிலும் சிலந்தி வலையிலும் பனித்துளிகள் கோத்த முத்துகளாக நிற்கும். தட்டானின் சிறகு பனியில் நனைந்து கனப்பதால் அது வெயில் ஏறும்வரை அமர்ந்தேயிருக்கும். முகப்பருகில் காமிராவைக் கொண்டுசென்றாலும் அசையாது. ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்தமைந்த அதன் கூட்டுக்கண்ணைப் படமாக்க ஏற்ற காலம் இதுவே.

மாசி, பங்குனியில் புல் காய்கிறது. பட்டாம்பூச்சிகள் குறைந்துவிட்டனபோலத் தோன்றும். குறைவது உண்மையே, ஆனால் சில ஒளிந்துகொள்கின்றன. மாலை மங்கிய வேளையில் பறந்து விளக்கொளிக்கும் வரும் பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பிறந்த பூச்சியின் சிறகடியில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்ததற்கோ அவ்வட்டங்கள் மறைந்து, சிறகு முழுவதும் சருகின் நிறமாகிவிடும். சருகுக் குவியலில் அமர்ந்தால் கண்டுபிடிக்கவே இயலாது. இனம் ஒன்று, உடை இரண்டு. தேதி குறிக்காமல் இவ்விரு படங்களையும் ஒருவரிடம் காட்டினால், இவை இரு வேறு பூச்சிகள் என்றே அவர் சாதிப்பார்.

சித்திரை பிறந்தால் வேம்பும் புங்கமும் பூத்து உதிர்கின்றன. சரக்கொன்றை பொன்னாய்த் தொங்குகிறது. பாறைகள் அனலாய்க் காயும் வேனிலிலும் ஆவாரை மலர்ந்து நிற்கும். ஆவாரையின் மகரந்தத் தூள் மற்றப் பூக்களில் போல வெளியே படிந்திராது. மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளைக்குள்ளே அடைபட்டிருக்கும். கரிய பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, சிறகின் தசைகளை வேகமாக அதிரச் செய்யும். அவ்வதிர்ச்சியில் தூள் துளை வழியே பொழியும். அப்போது எழும் ரீங்காரம் பறக்கும்போது எழும் ஒலியினின்று வேறுபட்டது. படமெடுக்கும் கண் இவ்வாறு காதையும் பழக்கிவிடுகிறது.

எருக்கும் கறிவேப்பிலையும்

ஆறு பருவமும் சுற்றிவர இயலாதவர்கள் ஒரே ஒரு செடியைத் தேர்ந்துகொள்ளலாம். மதிலடியிலும் சாலையோரத்திலும் யாரும் நடாமல் வளரும் எருக்கே அதற்குப் போதும். அதன் இலையின் அடியில் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி ஒன்று முத்துப்போன்ற முட்டையை ஒவ்வொன்றாக இடும். வெந்தய வரியன் என்று இதற்குத் தமிழில் பெயரிட்டுள்ளனர். முட்டையினின்று வெளிவரும் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு எருக்கிலையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு வாரங்களில் பட்டாம்பூச்சியாகப் பறக்கிறது. எருக்கின் பாலிலுள்ள நஞ்சு புழுவின் உடலிலும் சேர்வதால் பறவைகள் இதனை வெறுக்கின்றன. அதே செடியில் மஞ்சள் நிறச் செடிப்பேன்கள் மொய்க்கும். அவற்றைத் தின்னப் பொறிவண்டு வரும். நீலமும் மஞ்சளும் கலந்த வெட்டுக்கிளி இலையைக் கடிக்கும். தச்சுத்தேனீ பூவுக்கு வரும். ஒரு செடி, ஒரு சிற்றூர்!

இல்லத்தரசியர் கறிவேப்பிலை பறிக்கையில், பறவை எச்சம்போன்ற புழுவைக் கண்டு முகம் சுளித்திருப்பர். சில நாள்களில் அப்புழு பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டி ஒரு நாற்றத்தை வீசும். அதுவே பின்னர்க் கரிய பெரிய பட்டாம்பூச்சியாகிறது. இதில் வியப்பு யாதெனில், இவ்வினத்துப் பெண்பூச்சிகளுள் பல தம் ஆண்பூச்சியைப் போல இருப்பதில்லை. சிவந்த உடலும் கருஞ்சிறகும் உடைய வேறோர் இனத்துப் பட்டாம்பூச்சியைப் போல வேடம் பூண்டிருக்கும். அந்த வேறினம் ஆடுதின்னாப்பாளை என்னும் நச்சுப்பூண்டைத் தின்று வளர்வது. ஆதலின் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. நஞ்சில்லாத கறிவேப்பிலைப் பூச்சி, நஞ்சுடைய பூச்சியின் வேடத்தால் உயிர் பிழைக்கிறது.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். தரிசிலும் வயலோரத்திலும் தரையோடு படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளையை, பயனற்ற களை என்று நாம் முற்றிலும் அழித்துவிட்டால் என்ன ஆகும்? முதலில் அதைத் தின்று வாழும் செவ்வுடல் பூச்சி மறையும். உண்மையான நச்சுப்பூச்சி இல்லாத ஊரில் வேடத்துக்குப் பொருளேது? நஞ்சின் கசப்பை அறியாத பறவைகள் நம் கொல்லைப் பூச்சியையும் அச்சமின்றிப் பிடித்துத் தின்னும். ஊர்ப்புறத் தரிசில் பிடுங்கிய செடியின் விளைவு நம் வீட்டுக் கறிவேப்பிலை வரை வந்து சேருகிறது.

தேதியிட்ட சாட்சி

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1647இல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் பெண்மணி, பூச்சிகளை ஓவியமாகத் தீட்டியவர். சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமாகவே பிறக்கின்றன என்று பலர் நம்பிய காலம் அது. மெரியன் அம்மையாரோ புழுக்களைத் தாமே வளர்த்து, முட்டை, புழு, கூடு, பூச்சி என்னும் நிலைகளை அவை உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1699இல் தம் 52ஆம் வயதில் மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குக் கப்பலேறினார். அங்கே கண்டவற்றை 1705இல் நூலாக வெளியிட்டார். பூச்சியைத் தனியே அன்றி, அதன் செடியோடு காட்ட வேண்டும் என்று அவர் வகுத்த நெறி, காமிராவைக் கையில் எடுக்கும் நமக்கும் பொருந்தும்.

நம் மாநிலத்திலும் இத்தகைய அயராத உழைப்புக்குச் சான்று உண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார் ரப்பினாத் தாவரச் சேமிப்பகத்தை 1967இல் நிறுவி, செடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். தமிழகத்தின் கர்நாடகப் பகுதித் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1980களில் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. தாவரச் சேமிப்பகத்தில் உலர்த்தி ஒட்டிய ஒவ்வொரு செடியின் கீழும் எடுத்த இடமும் நாளும் எழுதப்படும். இவ்விரண்டும் இல்லையேல் அது வெறும் சருகு, இருந்தால் ஆவணம்.

நம் படங்களுக்கும் இதுவே விதி. எருக்கு, ஆவாரை என்னும் செடியின் பெயர், இராஜகிரி அடிவாரம், குளக்கரை என்னும் இடம், நாள், நேரம், மழையா, வெயிலா என்னும் நிலை. இவ்வைந்தையும் படத்தோடு குறித்து வைத்தால் போதும். சிறுபூனைக்காலிக் கொடியில் வாழும், செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகளுடைய பட்டாம்பூச்சி ஒன்று நம் ஊர்களில் மிகச் சாதாரணம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அவ்வினம் தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி, 2012இல் ஆஸ்திரேலியாவின் வடகரையை எட்டியது. அது எந்த நாட்டை எந்த ஆண்டில் அடைந்தது என்று இன்று நாம் அறிவது, ஆங்காங்கே கண்டவர்கள் நாளும் இடமும் குறித்து வைத்ததால்தான்.

களையா, குடிமகனா?

இவ்வளவும் பொழுதுபோக்குக்காக மட்டும் கூறவில்லை. செஞ்சிக்கு இப்போது ஒரு புதிய நிலை வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை ஒரு தொகுதியாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. இது தமிழகத்துக்கே பெருமை. புகழ் வந்தால் பயணிகள் வருவர். பயணிகள் வந்தால் பாதை, கடை, விடுதி, வாகன நிறுத்தம் எல்லாம் வரும். கோட்டையும் ஊரும் துப்புரவாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் எழும். எழவேண்டியதே.

ஆனால் துப்புரவு என்பது யாது? பிளாஸ்டிக் குப்பையை அகற்றுவது துப்புரவு, ஐயமில்லை. மதிலின் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் அகற்றுவதும் இன்றியமையாதது. பறவை இட்ட ஒரு விதை வேரூன்றினால், அவ்வேர் பருத்துக் கல்லைப் பிளந்து, பீரங்கிக்கு அசையாத மதிலையும் சாய்த்துவிடும். பழஞ்சின்னங்களைக் காக்கும் தொல்லியல் துறையினர் இவற்றை வெட்டுவதை எவரும் குறைகூறலாகாது. எனினும், கல்லைப் பிளக்கும் ஆலும், கல்லுக்கு ஒரு தீங்கும் செய்யாமல் மதிலைவிட்டு விலகி மண்ணில் வேர்விடும் தும்பையும் ஒன்றல்ல. இரண்டையும் ‘களை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி, ஒரே மருந்தைத் தெளித்தால், கோட்டை துப்புரவாகத் தோன்றும். ஆனால் வெறுமையாகவும் ஆகிவிடும்.

மட்டம் தட்டிய பசும்புல்தரை கண்ணுக்கு இனியதே. ஆயினும் பூக்கவிடாமல் வெட்டப்படும் புல்லில் தேனீக்கு உணவேது? புல்தரையையும், வெட்டப்படாத ஓரத்தையும் அருகருகே வைத்து, ஒரே காலையில் ஒரு மணி நேரம் படமெடுத்துப் பார்ப்போர் இவ்வேறுபாட்டைத் தாமே எண்ணி அறியலாம்.

எந்தச் செடியை அகற்றலாம், எதனை விட்டுவைக்கலாம், விட்டுவைத்ததை எப்போது வெட்டலாம் என்று முடிவு செய்ய யாரிடம் விவரம் இருக்கிறது? எருக்கில் எந்த மாதங்களில் புழு இருக்கிறது? ஆடுதின்னாப்பாளை எந்த மூலையில் எஞ்சியிருக்கிறது? தும்பை பூத்து விதை உதிர்ப்பது எப்போது? இவற்றுக்கு விடை வெளியூர் வல்லுநரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு நாள் வந்து செல்வோரால் ஆறு பருவத்தையும் காண இயலாது. ஊரிலேயே வாழும் மாணவரும் ஆசிரியரும் குடும்பத்தாரும் எடுத்துத் தேதியிட்ட படங்களே இவ்வினாக்களுக்கு விடையாகும். வேண்டுகோளாக மட்டும் சொல்லப்பட்டதை அலுவலர் மறந்துவிடலாம். பன்னிரண்டு மாதப் படங்களை மேசைமீது வைத்துக் கேட்பவருக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

இம்முயற்சியில் இறங்க விரும்பும் குடும்பங்கள் சிலவற்றை மனத்திற்கொள்வது நலம். பெரியவர் துணையின்றிச் சிறுவரைப் பாறைகளுக்கும் குளக்கரைக்கும் அனுப்பலாகாது. பாறை இடுக்கில் கை நுழைப்பதும், சருகுக் குவியலை வெறுங்காலால் கிளறுவதும் பாம்புக்கும் தேளுக்கும் அழைப்பு விடுப்பதாகும். உயர்ந்த பாறைகளிலும் பழங்கட்டடங்களிலும் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். அங்கே புகை எழுப்புவதும் கல் எறிவதும் உயிருக்கே ஆபத்தாய் முடியும். கோட்டைக்குள் முக்காலி நிறுத்திப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை. கையில் பிடித்து எடுப்போரும் பாதையை விட்டு விலகிச் செடிகளை மிதிக்கலாகாது. ஒரு படத்துக்காகப் பத்துச் செடிகளைக் காலடியில் நசுக்குவது எவ்வகையில் இயற்கை நேசமாகும்?

கோட்டைக்குச் செல்ல இயலாதவர்கள் தம் கொல்லையிலேயே தொடங்கலாம். ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு முருங்கை, வேலியில் ஓர் எருக்கு. இவற்றுள் ஒன்று போதும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில் நின்று, ஒரு படம். ஆண்டுக்கு 52 படங்களாகும். அவற்றை ஒரு குறிப்பேட்டில் ஒட்டிப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே நாளையும் பெயரையும் எழுதச் செய்யுங்கள். தாத்தாவும் பாட்டியும் அருகிலிருந்தால் செடியின் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதுங்கள். நூலில் காணக் கிடைக்காத பெயர்களும் மருந்துக் குறிப்புகளும் அவர்கள் நாவில் இன்னும் இருக்கின்றன. அவர்களோடு அவை மறைந்துபோக விடுவது நமக்கு அழகன்று.

அடுத்த ஆவணியில் முதல் மழை பெய்ததும் சென்ற ஆண்டின் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். தம்பலப்பூச்சி அதே வாரத்தில் வந்ததா? எருக்கின் புழு முந்தியதா, பிந்தியதா? வராமற்போனது எது? இவ்வாறு கேட்கத் தொடங்கிய பிள்ளை, மதிலடியில் ஒரு செடியைப் பிடுங்கக் குனியும்போது, அதன் இலையைத் திருப்பி அடியில் முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்.